மல்டி ஜிம் வாங்கலாமா, டம்பெல் போதுமா?

கேள்வி: வயது 44. உயரம் 171 செ.மீ., எடை 74 கிலோ. மதுரையில் இரண்டாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். பத்துக்குப் பத்து அறை ஒன்றை உடற்பயிற்சிக்கு ஒதுக்கலாம். நானும் மனைவியும் (39) தசை வலுவுக்கான பயிற்சி தொடங்க நினைக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. முழங்கால் தேய்மானம் உண்டு, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் ஏதாவது செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்குக் கீழ்முதுகில் வலி இருந்தது, இப்போது இல்லை, பயிற்சிக்குத் தடையும் இல்லை. கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. என் மைத்துனர் தன்னுடைய பழைய மல்டி ஜிம்மை (ஒரே சட்டத்தில் பல பயிற்சிகள் செய்யும் மெஷின்) 15,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். அதில் 150 பவுண்டு எடை இருக்கிறதாம். மெஷின்தான் பாதுகாப்பு என்கிறார் அவர். மெஷினில் செய்வதெல்லாம் வீண், டம்பெல்தான் உடம்புக்கு உறைக்கும் என்கிறார் அலுவலக நண்பர். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வீட்டுக்கு டம்பெல், ஒரு பெஞ்ச், இரண்டு மூன்று ரப்பர் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் நீண்ட பட்டை). மைத்துனரின் மெஷின் வேண்டாம். ஆனால் இதை வைத்து நண்பர் ஜெயித்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். மெஷினில் செய்வது வீண் என்பது தவறு. ஒரே மாதிரி உழைப்பை இரண்டு வகையிலும் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் தசையின் பருமன் ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடியிருக்கிறது. வலுவில் மட்டும் ஒரு வித்தியாசம்: எதில் பழகினீர்களோ அதில் அளந்தால் கூடுதலாகத் தெரியும். மெஷினில் பழகியவர் மெஷினில் நன்றாகத் தள்ளுவார், பார்பெல்லில் (இரு கையாலும் பிடித்துத் தூக்கும் நீண்ட எடைத் தண்டு) பழகியவர் அதை நன்றாகத் தூக்குவார்.

ஆகவே எது உயர்ந்தது என்று பார்ப்பதைவிட, மூன்று பேருக்கும் எதில் எடையைச் சின்னச் சின்னப் படியாகக் கூட்ட முடியும், எதில் கால்களுக்கும் இடுப்புக்கும் வேலை கிடைக்கும் என்று பாருங்கள். அந்த இரண்டிலும்தான் சாதாரண வீட்டு மல்டி ஜிம் கோட்டை விடுகிறது.

முதலில் அந்த 150 பவுண்டைப் பார்ப்போம். கிலோவில் 68. தட்டு அடுக்கின் மேல் எழுதியிருக்கும் இந்த எண் உங்கள் கைக்கு வந்து சேரும் எடை அல்ல. கம்பி நேராகத் தட்டுக்குப் போகிறதா, நடுவில் நகரும் கப்பி இருக்கிறதா, நெம்புகோல் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்து அது மாறும். சோதிக்க எளிய வழி உண்டு. கைப்பிடியை 60 செ.மீ. இழுங்கள். தட்டு எவ்வளவு ஏறியது என்று இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். 60 ஏறினால் முழு எடை. 30 மட்டும் ஏறினால் பாதி எடைதான் கையில் இருக்கிறது. கிணற்றில் நீர் இறைக்கிற ஒற்றைக் கப்பி நிலையாக நிற்பது, அதனால் வாளியின் பாரம் அப்படியே கைக்கு வரும். கப்பியும் சேர்ந்து நகர்ந்தால் பாரம் பாதியாகும், இழுக்கும் நீளம் இரண்டு மடங்காகும். ஒரே மெஷினில் மேலிருந்து கீழே இழுக்கும் லாட் புல்டவுன் முழு எடையாகவும், நெஞ்சிலிருந்து முன்னால் தள்ளும் பிரஸ் வேறொரு கணக்காகவும் இருப்பது சகஜம். அதனால் 'நான் 60 கிலோ தள்ளுகிறேன்' என்று இரண்டு மெஷின்காரர்கள் ஒப்பிட்டுக்கொள்வதில் பொருளே இல்லை. அவரவர் போன மாத எண்ணோடு இந்த மாத எண்ணை ஒப்பிட்டால் போதும்.

உராய்வும் இதில் சேரும். கப்பியின் பேரிங் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது பாரம் கூடும், இறக்கும்போது குறையும். இறக்கும் பாதியில் தசைக்கு நல்ல வேலை இருக்கிறது, அது பறிபோகிறது. பெட்டி நிறுக்கும் தொங்கு தராசைக் கைப்பிடியில் மாட்டி மெதுவாக இழுத்து ஒரு அளவு, மெதுவாக விட்டு ஒரு அளவு பாருங்கள். 20 கிலோவில் இரண்டுக்கும் நாலைந்து கிலோ வித்தியாசம் வந்தால் கப்பிகள் கிழடாகிவிட்டன என்று பொருள்.

டம்பெல்லில் எழுதியிருக்கும் எடை ஏமாற்றாது. அதற்குப் பதிலாக அது வேறொரு வேலை செய்யும். அதன் பாரம் எப்போதும் நேராகக் கீழேதான் இழுக்கும். மூட்டிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தள்ளி எடை இருக்கிறதோ அவ்வளவு சிரமம். கையை மடக்கித் தூக்கும் கர்லில் முன்கை தரைக்கு இணையாக வரும் இடம் கடினம், மேலே போனபின் லேசு. கைகளைப் பக்கவாட்டில் விரித்துத் தூக்கும்போது தொடக்கத்தில் ஒன்றுமே இருக்காது, தோள் உயரத்தில் 3 கிலோ கூட மலையாகத் தெரியும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்யத்தான் அமெரிக்காவில் ஆர்தர் ஜோன்ஸ் 1970-இல் ஒழுங்கற்ற வட்டமுள்ள கப்பியோடு மெஷின்களைக் கொண்டுவந்தார். சக்கரத்தின் ஆரம் இடத்துக்கு இடம் மாறுவதால் கடினமும் தசையின் திறனுக்கேற்ப மாறும். அந்தச் சக்கரம் நாட்டிலஸ் என்ற கடல் சங்கின் வடிவில் இருந்ததால் மெஷினுக்கும் அதே பெயர். நம் ஊர் வீட்டு மல்டி ஜிம்களில் பெரும்பாலும் வெறும் வட்டக் கப்பிதான். நாட்டிலஸின் நன்மையைச் சொல்லி இதை விற்பார்கள். சக்கரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எடையே இல்லாத மெஷின்களும் உண்டு. வளையும் தண்டு, ரப்பர், காற்றுக் குழாய், மின்காந்தம் என்று பல வகை. விண்வெளி நிலையத்தில் டம்பெல் மிதக்கும், அதனால் அங்கே 2008 முதல் வெற்றிடக் குழாய்களை இழுக்கும் கருவியில் வீரர்கள் 272 கிலோவுக்குச் சமமான பாரம் வரை பயிற்சி செய்கிறார்கள். தசைக்கும் எலும்புக்கும் வேண்டியது எதிர்ப்பு, அது இரும்பிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. ரப்பரும் தண்டும் இழுக்க இழுக்க இறுகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தொடக்கத்தில் லேசு, கடைசியில் கடினம்.

இனி எடையைக் கூட்டும் படி. 1940-களில் காயம்பட்ட ராணுவ வீரர்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்த மருத்துவர் தாமஸ் டிலோர்ம், 1948-இல் சக மருத்துவர் வாட்கின்ஸோடு சேர்ந்து எழுதிய முறை இன்றும் அடிப்படையாக நிற்கிறது. பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடையைக் கண்டுபிடி, அதில் பாதியோடு ஒரு செட் (நிறுத்தாமல் செய்யும் ஒரு சுற்று), முக்காலோடு ஒரு செட், முழுதோடு ஒரு செட், வலு ஏற ஏற எடையைக் கூட்டு. இதில் கடைசிச் சொல்தான் உயிர். கூட்டாவிட்டால் மூன்றாவது மாதம் உடம்பு அங்கேயே நின்றுவிடும்.

மல்டி ஜிம் அடுக்கில் ஒரு தட்டு 10 பவுண்டு, அதாவது நாலரை கிலோ. உங்கள் மனைவி முதல் தட்டிலிருந்து இரண்டாவதுக்குப் போனால் பாரம் ஒரேயடியாக இரண்டு மடங்கு. பத்து முறை செய்தவர் மூன்று முறையில் நின்றுவிடுவார், அல்லது இடுப்பை வெட்டி இழுப்பார். தோள்வலி இப்படித்தான் தொடங்கும். கடையில் விற்கும் ஒரே எடை டம்பெல்களிலும் இதே கோளாறு உண்டு. 5 கிலோவுக்கு அடுத்தது 7.5 என்றால் அது பாதி கூடுதல். தட்டு மாற்றும் ராடு வாங்கினால்தான் இரண்டு பக்கமும் அரை அரை கிலோ போட்டு ஒரு கிலோ மட்டும் கூட்ட முடியும். அதனால்தான் பளபளக்கும் அறுகோண டம்பெல் ஜோடிகளை உங்களுக்குச் சொல்லவில்லை. மூன்று பேருக்கு வேண்டிய எல்லா அளவும் ஜோடி ஜோடியாக வாங்கினால் பணமும் போகும், அறையும் போகும்.

கால் விஷயம் இன்னும் முக்கியம். வீட்டு மல்டி ஜிம்மில் காலுக்கென்று இருப்பது பெரும்பாலும் உட்கார்ந்தபடி முழங்காலை நீட்டும் லெக் எக்ஸ்டென்ஷன், படுத்தோ நின்றோ மடக்கும் லெக் கர்ல், அவ்வளவுதான். எடையோடு உட்கார்ந்து எழும் பஸ்கி எடுப்பதற்கோ, இடுப்பை மடக்கிக் கீழிருந்து தூக்குவதற்கோ வழியில்லை. படியேறுவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, தரையிலிருந்து எழுவது எல்லாமே தொடை, பிட்டம், கீழ்முதுகு மூன்றும் சேர்ந்து செய்கிற வேலை. முதுகுவலி வந்துபோன உங்களுக்கு அதுவே தேவை. மெஷினில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து தள்ளினால் முதுகுக்கு ஓய்வு, சரி. ஆனால் அந்த முதுகு பாரம் தாங்கப் பழகுவதே இல்லை.

நம் கிராமங்களில் இளவட்டக்கல் தூக்கியவர்களைப் பார்த்திருப்பீர்கள். பிடிக்கக் கைப்பிடி இல்லாத உருண்டைக் கல். பாதி சிரமம் அதைப் பிடித்து நிலைப்படுத்துவதிலேயே போகும். டம்பெல்லும் ஒருவகையில் அதன் பேரன்தான். ஆடாமல் வைத்திருக்கும் வேலையை உங்கள் உடம்பே செய்ய வேண்டும். நன்மை, சிறு தசைகளும் வேலை செய்யும். கேடு, அதே காரணத்தால் முதல் மாதம் நெஞ்சு களைக்கும் முன் கை நடுங்கும். அது வலு இல்லாததன் அடையாளம் அல்ல, பழகினால் போகும்.

டம்பெல் தோற்கிற இடமும் ஒன்று உண்டு, மறைக்கக் கூடாது. மேலிருந்து கீழே இழுக்கும் வேலையை டம்பெல்லால் செய்ய முடியாது, ஏனெனில் பாரம் கீழே மட்டுமே இழுக்கும். அக்குள் முதல் இடுப்பு வரை விரியும் முதுகுத் தசைக்கு லாட் புல்டவுனில் கிடைக்கும் வேலை வேறு. வாடகை வீட்டில் சுவரில் துளை போட முடியாது. சீலிங் ஃபேன் கொக்கியில் கப்பி மாட்ட நினைக்காதீர்கள். அது எவ்வளவு ஆழம் பதிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, வெட்டி இழுக்கும் பாரம் அதற்கானதும் அல்ல. கதவில் செருகும் பட்டையோடு ரப்பர் பேண்ட் வாங்குங்கள். பட்டையைக் கதவின் மேல் விளிம்பில் செருகி, நீங்கள் இழுக்கும் திசையில் கதவு மூடிக்கொள்ளும் பக்கம் நின்றுகொண்டு, தாழ்ப்பாள் போட்டபின் முழங்கால் போட்டு இழுங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் கதவு முகத்தில் திறக்கும். பேண்டை வெயிலில் வைக்காதீர்கள். நீட்டிப் பார்த்து மயிரிழை வெடிப்பு தெரிந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

இப்போது வாங்கும் பட்டியல். 16 அங்குல டம்பெல் ராடு இரண்டு, இரு முனையிலும் மரை வெட்டி நட்சத்திர நட் போட்டது. தட்டுகள்: அரை கிலோ நான்கு, ஒன்றேகால் கிலோ நான்கு, இரண்டரை கிலோ நான்கு, ஐந்து கிலோ எட்டு. மொத்தம் 57 கிலோ. எல்லாம் மாட்டினால் ஒரு டம்பெல்லுக்குத் தட்டு மட்டும் இருபத்தெட்டரை, ராடோடு ஏறக்குறைய 30 கிலோ. இதற்கு மேல் தேவைப்பட உங்களுக்குக் குறைந்தது ஒரு வருடமாகும். ஐந்து கிலோவில் முதலில் நான்கு மட்டும் வாங்கினாலும் தவறில்லை. எல்லாம் வார்ப்பிரும்பாக இருக்கட்டும். மேலே பிளாஸ்டிக், உள்ளே சிமெண்ட் அடைத்த தட்டுகள் மலிவு. ஆனால் அவை தடிமன், ஒரு பக்கம் நான்கு போட்டாலே ராடு முடிந்து நட்டுக்கு மரை இருக்காது. கீழே போட்டால் விளிம்பு பிளந்து அறை முழுதும் தூள்.

தட்டின் துளை அளவைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு ராடுகளுக்கான தட்டுகளின் துளை பொதுவாக ஏறக்குறைய 30 மி.மீ. இருக்கும். ஒலிம்பிக் பார்பெல் தட்டின் துளை 50 மி.மீ. சிறிய ராடில் பெரிய துளைத் தட்டு போட்டால் லொடலொடவென்று ஆடும், நட்டும் பிடிக்காது. எடை சரியா என்று மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்ப்பதும் நல்லது. 5 என்று வார்த்த தட்டு 4.7 இருக்கலாம். எல்லாமே அப்படி இருந்தால் பரவாயில்லை, இடமும் வலமும் வேறுபட்டால்தான் தொந்தரவு.

டயலைத் திருப்பினால் எடை மாறும் டம்பெல் அழகானது, இடமும் மிச்சம். ஆனால் 2025 ஜூனில் அமெரிக்காவில் அந்த வகையில் மிகப் பரவலாக விற்ற இரண்டு மாடல்கள், சுமார் 38 லட்சம் எண்ணிக்கையில், திரும்ப அழைக்கப்பட்டன. தூக்கும்போது தட்டு கழன்று விழுந்ததே காரணம். பூட்டும் பாகம் உள்ளே மறைந்திருக்கும் எதையும் தலைக்கு மேல் தூக்க எனக்கு மனம் வராது. நட்சத்திர நட் கண்ணுக்குத் தெரியும். அதுவும் செட்டுக்குச் செட் தளரும். மணிக்கட்டைத் திருப்பும்போது தட்டு சுழன்று நட்டையும் சேர்த்து அவிழ்க்கும். நட்டுக்குள் ரப்பர் வளையம் இருக்க வேண்டும், ஒவ்வொரு செட்டுக்கு முன்னும் கையால் ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள்.

பெஞ்ச், சாய்வு மாற்றக்கூடியதாக. உங்கள் எடை 74, இரு கையிலும் சேர்த்து 60 வரை போகலாம் என்றால் 134. குறைந்தது 200 கிலோ தாங்கும் என்று எழுதியிருப்பதை எடுங்கள். கடையிலேயே ஏறிப் படுத்து இரு பக்கமும் உடம்பை ஆட்டுங்கள். இப்போது ஆடினால் ஆறு மாதத்தில் போல்ட் துளையே அகலமாகிவிடும். படுத்த நிலையில் இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். 43 முதல் 45 செ.மீ. உயரம் உங்களுக்குச் சரி. மனைவிக்கு எட்டாவிட்டால் காலடியில் தட்டையான பலகை போடுங்கள்.

பார்பெல் ராடும் ஸ்டாண்டும் இப்போது வேண்டாம். தனியாகப் படுத்து பார்பெல் தள்ளுவதுதான் வீட்டுப் பயிற்சியில் உயிருக்கே ஆபத்தான ஒன்று. தூக்க முடியாமல் நெஞ்சில் இறங்கினால், முனையில் நட் இறுக்கியிருந்தால், சாய்த்துத் தட்டை உதிர்க்கவும் வழியில்லை. டம்பெல் என்றால் பக்கத்தில் விட்டுவிடலாம். பின்னாளில் வாங்குவதானால் நெஞ்சு மட்டத்தில் இருபுறமும் தாங்கும் கம்பியுள்ள ஸ்டாண்டோடு மட்டுமே வாங்குங்கள்.

தரையில் 15 மி.மீ. ரப்பர் பாய், நாலுக்கு ஆறு அடி. மாடித் தளம் தாங்குமா என்று பலர் பயப்படுகிறார்கள். குடியிருப்புத் தளங்களுக்கு இந்தியத் தரவிதி சதுர மீட்டருக்கு சுமார் 200 கிலோ பாரம் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. உங்கள் அறை 9.3 சதுர மீட்டர். 57 கிலோ தட்டும் ஒரு பெஞ்சும் அதற்குப் பீரோவைவிடக் குறைவு. பிரச்சினை பாரத்தில் இல்லை, போடுவதில். 20 கிலோவை இடுப்பு உயரத்திலிருந்து நழுவவிட்டால் ஓடு விரிசல் விடும், கீழ்வீட்டுக்காரர் மேலே வருவார்.

இன்னொன்று, ஃபேன். நின்றபடி டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கினால் தட்டின் மேல் விளிம்பு 2.2 மீட்டரைத் தொடும். இறக்கை எட்டடியில் சுழன்றால் இடையில் ஒரு சாண்தான் மிஞ்சும். பெஞ்சில் உட்கார்ந்து தூக்குங்கள்.

வாரம் இரண்டு நாள், நாற்பத்தைந்து நிமிடம். ஆறே அசைவுகள். ஒரு டம்பெல்லைச் செங்குத்தாக நெஞ்சோடு அணைத்துப் பஸ்கி, 10 கிலோவில் தொடக்கம். பெஞ்சில் படுத்து நெஞ்சுத் தள்ளல், கைக்கு 8 கிலோ. ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி மறு கையால் இடுப்பை நோக்கி இழுத்தல், 10 கிலோ. இடுப்பு மடக்கித் தூக்கும் ருமேனியன் டெட்லிஃப்ட், கைக்கு 8 கிலோ. உட்கார்ந்து தோள் தள்ளல், கைக்கு 5 கிலோ. பேண்ட் இழுப்பு. மனைவி ஏறக்குறைய இதில் பாதியில் தொடங்கட்டும். ஒவ்வொன்றிலும் மூன்று செட், எட்டிலிருந்து பன்னிரண்டு முறை, செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம். இன்னும் இரண்டு முறை முடியும் என்று தோன்றும்போது நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் பன்னிரண்டு வந்துவிட்டால் அடுத்த முறை ஒரு கிலோ கூட்டி மறுபடி எட்டிலிருந்து. ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், நினைவை நம்பினால் எடை கூடவே கூடாது.

இவற்றில் டெட்லிஃப்ட்தான் உங்கள் முதுகுக்கு மருந்தும் ஆபத்தும். முழங்காலைச் சற்றே மடக்கி, அப்படியே மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருக்கும் கார் கதவைப் பிட்டத்தால் சாத்துவதுபோல இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். டம்பெல் தொடையை உரசிக்கொண்டே இறங்க வேண்டும். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தொடையின் பின்புறம் இழுபடுவது தெரியும், அங்கே நின்று மேலே வாருங்கள். தரையைத் தொட வேண்டும் என்ற ஆசையில்தான் முதுகு வில்லாக வளையும். டம்பெல் காலிலிருந்து ஒரு சாண் முன்னால் விலகினாலும் கீழ்முதுகுக்குப் பாரம் வெகுவாகக் கூடும். ஒரு துடைப்பக் கட்டையை முதுகில் நெடுக வைத்துத் தலையின் பின்புறம், நடுமுதுகு, இடுப்பெலும்பு மூன்றும் ஒட்டியபடி குனிந்து பாருங்கள். எது விலகுகிறதோ அங்கே தவறு. ஒரு வாரம் கட்டையோடு மட்டும் பழகி, பிறகு டம்பெல்லை எடுங்கள்.

நெஞ்சுத் தள்ளலில் எடை கூடியபின் காயம் வருவது தள்ளும்போது மட்டும் அல்ல, படுக்கும்போதும் எழும்போதும்தான். பெஞ்ச் நுனியில் உட்கார்ந்து டம்பெல்லைத் தொடையில் நிறுத்தி, ஒரு முழங்காலால் உதைத்தபடி சாயுங்கள். முடிந்ததும் முழங்காலைத் தூக்கி டம்பெல்லைத் தொடைக்குக் கொண்டுவந்து எழுங்கள். படுத்த நிலையில் கையைப் பக்கவாட்டில் நீட்டித் தரையில் வைக்கப் போனால் தோளின் முன்பகுதி கிழியக்கூடும்.

அம்மாவுக்கு. மல்டி ஜிம் இருந்தால் அதிகம் பயன்படப்போவது அவருக்குத்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். உட்கார்ந்தபடி, சமநிலை பற்றிய பயமில்லாமல் இழுக்கலாம், தள்ளலாம். ஆனால் அதே வேலையை நாற்காலியும் பேண்டும் செய்யும். கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருதல், எட்டு முறை, மூன்று செட். முடியாவிட்டால் நாற்காலி மேல் ஒரு மடித்த போர்வை, உயரம் கூடினால் முழங்காலுக்கு லேசு. வாரத்துக்கு வாரம் போர்வையை மெல்லியதாக்குங்கள், அதுதான் அவருக்கு எடை கூட்டல். சமையல் மேடையைப் பிடித்துக் குதிகால் உயர்த்துதல். ஜன்னல் கம்பியில் பேண்ட் மாட்டி உட்கார்ந்து இழுத்தல். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ, தோளுக்கு அது போதும்.

மூச்சை அடக்கித் தூக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். எழும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. முழங்காலில் வழக்கமான வலி பயிற்சியின்போது சற்றுக் கூடலாம். மறுநாள் காலையும் அது அடங்காமலோ வீங்கியோ இருந்தால் அளவு கூடிவிட்டது என்று பொருள். சர்க்கரை நோயால் விழித்திரையில் பாதிப்பு, குடலிறக்கம், அண்மையில் கண் அறுவை இவற்றில் ஏதாவது இருந்தால் முக்கித் தூக்கும் எதையும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். இது உங்கள் இருவருக்கும் சேர்த்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலும் 65 வயதைக் கடந்தவர்களுக்குத் தசைப் பயிற்சி வாரம் குறைந்தது இரண்டு நாள், அதோடு சமநிலைப் பயிற்சி வாரம் குறைந்தது மூன்று நாள் என்கிறது. பல் துலக்கும்போது மேடையைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பதும் அந்தக் கணக்கில் சேரும்.

இவ்வளவுக்குப் பிறகும் மைத்துனர் மனம் நோகக் கூடாதென்று மெஷினை எடுப்பதானால், பணம் கொடுக்கும் முன் சிலவற்றைப் பார்த்துவிடுங்கள். கம்பியின் மேலுறையைக் கொக்கி மாட்டும் முனையிலும் கப்பியில் வளையும் இடங்களிலும் விரலால் தடவுங்கள். உறை வெடித்து உள்ளே எஃகு இழை குத்தினால் கம்பி ஆயுள் முடிந்தது. எல்லாக் கம்பியையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். மேல் தட்டு அடுக்கில் முழுதாக உட்காராமல் சற்றுத் தூக்கியபடி நின்றால் கம்பி அதிக இறுக்கம், அப்போது எடையைத் தேர்ந்தெடுக்கத் தட்டில் செருகும் ஊசி (பின்) பாதிதான் உள்ளே போகும், நடுவில் கழன்று தட்டுகள் விழும். பின்னுக்குப் பதில் யாராவது போல்ட் செருகியிருந்தால் அசல் பின் வாங்காமல் தொடாதீர்கள். தட்டு ஏறி இறங்கும் இரண்டு கம்பங்களில் துரு சொரசொரப்பாகத் தட்டுப்பட்டால் உப்புத்தாளில் தேய்த்து சிலிகான் ஸ்ப்ரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். லெக் எக்ஸ்டென்ஷனில் உட்கார்ந்தால் மெஷினின் அச்சு உங்கள் முழங்கால் மூட்டுக்கு நேராக வரவேண்டும். வராவிட்டால், சீட்டையும் நகர்த்த முடியாவிட்டால், அந்தப் பகுதியைப் பயன்படுத்தாதீர்கள். கழற்றும் முன் ஒவ்வொரு மூட்டையும் படம் எடுத்து, கம்பி எந்தக் கப்பி வழியே போகிறது என்று எண் ஒட்டி வையுங்கள். இரண்டு மாடி ஏற்றும் கூலி, அடுத்த வீடு மாறும்போது மறுபடி கழற்றும் கூலி இரண்டையும் அந்தப் பதினைந்தாயிரத்தோடு கூட்டிப் பாருங்கள். வீட்டுக்குச் சிறுபிள்ளைகள் வந்துபோவார்கள் என்றால் தட்டு அடுக்குக்கு முன்னும் பின்னும் மறைப்பு இல்லாமல் வைக்கவே கூடாது. விரல் நசுங்க ஒரு தட்டு போதும்.

மைத்துனரிடம் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மல்டி ஜிம் வைத்திருந்தவர்கள் வீட்டில் பெரும்பாலும் தனியாக நாலைந்து இரும்புத் தட்டும் கிடக்கும். அதைக் கிலோ கணக்கில் விலை பேசி வாங்கிக்கொள்ளலாம். துருப்பிடித்திருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்தால் புதிதுதான். போகும்போது ஒரு ஸ்கேலை எடுத்துப் போய்த் துளையை அளந்துவிட்டு வாருங்கள், ராடை அதற்குப் பிறகு வாங்கலாம்.